தினமும் பதினொரு கிலோமீட்டர்

இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பைக் ஓட்டவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால், குனியோ ஒரு பைக்கை உருவாக்கிக்கொண்டிருந்தார். ஜப்பானின் கடலோர ஊரான ஓனோமிச்சியில், தன் வீட்டு முன்னறையில் பழைய மோட்டார்சைக்கிளைப் பிரித்துப்போட்டு, கஃபே ரேசர் என்னும் பழைய பாணிப் பந்தய பைக்காக மாற்றும் வேலை. கைப்பிடியைத் தாழ்த்தி, தேவையில்லாத இரும்பையெல்லாம் அறுத்தெடுத்தாயிற்று. எஞ்சின் துண்டுதுண்டாகச் செய்தித்தாளின்மேல் கிடந்தது. கழற்றிய பழைய மீட்டர், ஓடிய தூரத்தைக் காட்டுவது, செருப்பு அலமாரியில் இருந்தது.

அது தினமும் பதினொரு கிலோமீட்டர் கூடுவதை மனைவி ஹருயோதான் கவனித்தாள்.

"எனக்குத் தெரியாம எதையாவது ஓட்டுறீங்களா? நெஞ்சைக் கிழிச்சுத் தைச்சு மூணு மாசம்கூட ஆகல."

"எதை ஓட்ட? செய்தித்தாளையா?" குனியோ சிரித்தார். "பழைய மீட்டர், உளறுது. விடு."

அவளால் விட முடியவில்லை. போக ஐந்தரை, வர ஐந்தரையாக இருக்கும் என்று நினைத்து, ஒரு மதியம், அவர் முன்பெல்லாம் பைக்கில் போகும் கடலோரச் சாலையில் ஐந்தரை கிலோமீட்டர் காரில் போனாள். அங்கே ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. அந்தப் பக்கம் அவள் வந்ததே இல்லை.

பங்க்கில் வேலைபார்த்த பெண் ஓடிவந்து தலைதாழ்த்தி வணங்கினாள். "வாங்கக்கா, இன்னைக்குக் கார்லயா? அண்ணன் வரலையா?"

"அவர் இங்க வர்றாரா?" ஹருயோ ஜன்னலை முழுக்க இறக்கினாள்.

"என்னக்கா கேள்வி இது! தினம் பைக்ல அவர் பின்னாடி உக்காந்து வர்றதே நீங்கதானே. போறப்போ எனக்குக் கையாட்டாம போனதே இல்லையே."

ஹருயோ காரைக் கிளப்பினாள். கண்ணாடியில் அந்தப் பெண் கையசைப்பது தெரிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஹருயோவின் வலக்கை, வெகுநாள் பழக்கம்போல், தானாக எழுந்து ஜன்னலுக்கு வெளியே அசைந்தது.