நட்டு செய்த மூன்று தப்புகள்

"முதல் தப்பு, தனியா வேலை செஞ்சது. எழுதிக்கோ" என்றார் தலைவர்.

பெயிண்டர் எழுதிக்கொண்டான். கார் கதவில் கோணாமல் கோடு இழுக்கிற கைதான். இன்று நோட்டில் கோணிக்கொண்டு போயிற்று. செத்துப்போன நட்டு அவனுடைய சிநேகிதன்.

நட்டு போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கழற்றுகிற ஒவ்வொரு நட்டையும் பழைய பேப்பரில் வரிசையாக வைத்து, பக்கத்திலேயே நம்பர் எழுதிவைப்பான். அதனால் வந்த பெயர். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் அந்தப் பேப்பர் இன்னும் விரித்தபடியே கிடந்தது. பக்கத்தில், முன்சக்கரம் இரண்டும் இல்லாமல், மூக்கைத் தரையில் ஊன்றிக்கொண்டு அவனுடைய இருபத்தாறு வயது ஃபோர் வீல் டிரைவ் கார். ஸ்பிரிங் மாற்றி இரண்டு அங்குலம் உயர்த்தியிருந்தான். அந்த இரண்டு அங்குலம் அன்றைக்கு எதற்கும் உதவவில்லை.

பழைய ஃபோர் வீல் டிரைவ் கார்களை வீட்டிலேயே பிரித்துப் பூட்டுகிற பதினேழு பேருக்கு ஒரு சங்கம் இருந்தது. சங்கம் இருந்தால் தலைவர் இருப்பார். இவர் ஏதோ ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தன் காரின் பானட்டைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. வாயை மூடியும் யாரும் பார்த்ததில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர், இப்போது விசாரணையே நடத்திக்கொண்டிருந்தார். நட்டு செய்த தப்புகளைப் பட்டியல் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வாசித்து, அவன் போட்டோவோடு பலகையில் ஒட்டப்போகிறாராம். எல்லாம் உறுப்பினர்களின் நன்மைக்காகத்தான்.

நட்டுவின் மனைவி டீத் தட்டோடு உள்ளே வந்தாள். கொட்டகை இருட்டாக இருந்தது. நட்டு தன் உயரத்துக்கு வைத்த சுவிட்சு. கீழே கிடந்த மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று லைட்டைப் போட்டாள்.

"கவனமில்லாத ஆளுன்னு மட்டும் எழுதாதீங்கண்ணே. பொண்ணு படிக்கும்" என்றாள்.

"உண்மையை எழுதுறதுக்கு யாரைக் கேக்கணும், தங்கச்சி?" என்ற தலைவர், டீயை எடுத்துக்கொண்டார். "ரெண்டாவது தப்பு. முன்பக்கத்தை மட்டும் ஸ்டாண்டுல ஏத்திட்டு கியர் போட்டது. இது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. முன்னாடி அந்தரத்துல நிக்குது, பின்சக்கரம் தரையில இருக்கு. கிளட்சை விட்டதும் அது சும்மா இருக்குமா? ஒரே தள்ளு. ஸ்டாண்டு சாஞ்சு, வண்டி அவன் மேல."

அவள் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முன்னால் வைத்திருந்த சின்னக் காரில் பத்து வருஷமாக அவர் இப்படித்தானே அடியில் படுத்து, முன்சக்கரத்தைச் சுழலவிட்டுப் பேரிங் சத்தம் கேட்பார் என்று மெதுவாகக் கேட்டாள்.

அது முன்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி, கழுதைக்கும் குதிரைக்கும் ஒரே கடிவாளமா என்று தலைவர் விளக்கினார். பழக்கதோஷம் என்ற தலைப்பில் தாம் ஏற்கெனவே பேசியிருப்பதையும் நினைவுபடுத்தினார்.

"தெரியாதவங்க கிளட்சைத் தொடவே கூடாதும்மா. தொட்டா அது கொலைக்குச் சமம்."

விபத்தன்று வந்த போலீஸ்காரரிடம் அவள் அதிகம் பேசவில்லை. அவர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள்; அவர் விபத்து என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பெயிண்டருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "நட்டு கீழ படுத்திருந்தான்ல தலைவரே? அப்ப கிளட்சை யாரு மிதிச்சா?"

தலைவர் அரை நொடிகூட யோசிக்கவில்லை. "கிளட்சை அமுக்கி மேல கல்லு வச்சிட்டுக் கீழ போயிருப்பான். கல்லு நழுவியிருக்கும்."

கல்லைத் தேடினார்கள். காருக்குள் இல்லை. கொட்டகையிலும் இல்லை. கடைசியில் வாசலில் பூந்தொட்டிக்கு முட்டுக்கொடுத்திருந்த அரைச் செங்கலைத் தலைவர் கண்டுபிடித்து, ஆதாரமாகக் குறித்துக்கொள்ளச் சொன்னார். செங்கலை உருவியதும் தொட்டி சாய்ந்தது. யாரும் அதை நிமிர்த்தவில்லை.

பெடலை நேரில் பார்த்துவிடுவது என்று தலைவர் முடிவு செய்தார். டிரைவர் சீட்டில் ஏறினார், ஏறியது பாதிதான். தொப்பை ஸ்டீயரிங்கில் சிக்கியது, முட்டி டேஷ்போர்டில் இடித்தது. அப்படியே மாட்டிக்கொண்ட நிலையிலும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"பாத்தியா? ஆறடி ஆளு, சீட்டை இவ்வளவு முன்னாடி இழுத்துப் போட்டு எப்படிய்யா ஓட்டுவான்? வண்டியில ஒழுங்கா உக்காரவே தெரியல. மூணாவது தப்பு. எழுதிக்கோ."

பெயிண்டர் எழுதாமல் சீட்டைப் பார்த்தான். பிறகு சுவிட்சுக்குக் கீழே இருந்த மரப்பெட்டியைப் பார்த்தான்.

தலைவரின் கை, சீட்டைப் பின்னால் தள்ளுவதற்குக் கீழே கம்பியைத் துழாவியது. அவள் தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கார் கதவருகே வந்து நின்றாள்.

"அதைத் தள்ளாதீங்கண்ணே. அந்த முதல் தப்பை அடிச்சிடுங்க. அவரு தனியா வேலை செய்யல" என்றாள். "எனக்குக் கிளட்ச் எட்டலைன்னு, அவருதான் சீட்டை முன்னாடி இழுத்துப் போட்டுக் குடுத்தாரு."