வீட்டு இலக்கம்

“வீட்டு இலக்கம் போடாம இது அடுத்த பக்கத்துக்குப் போகாதுங்க ஐயா.”

கிஷாந்த் மடிக்கணினியை நல்லையாவின் பக்கம் திருப்பினான். மாத்தளை டவுனில் இருக்கும் ஒரு சிறிய கணினி நிறுவனத்தைச் சேர்ந்தவன் அவன். தேயிலைத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் நூற்றுப் பதினெட்டுக் குடும்பங்களையும் பதிந்து வைக்கும் மென்பொருளைக் காட்டுவதற்காக இரத்தோட்டை வழியாக மலையேறி வந்திருந்தான். திரையில் சிவப்பு எழுத்துகள் நின்றன: ‘வீட்டு இலக்கம் கட்டாயம்.’

சங்கத் தலைவர் நல்லையா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். “லயத்து வரிசை வீட்டுக்கு ஏதுப்பா நம்பர்? எங்க எல்லாருக்கும் ஒரே விலாசந்தான். தோட்டத்துப் பேரு, இரத்தோட்டை. அவ்வளவுதான்.”

“கூரை ஒழுகுற காம்பரா, ஒழுகாத காம்பரான்னு போடச் சொல்லுங்கண்ணே,” என்றாள் உபதலைவி அழகம்மா. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே கூட்டத்துக்கு வந்திருந்தாள். “ஒழுகாதது மொத்தமே ரெண்டுதான். சுருக்கா முடிஞ்சிரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் சர்மிளா மட்டும் சிரிக்கவில்லை. தோட்டத்து முன்பள்ளியின் ஆசிரியை அவள். அந்த ஒற்றை வரி விலாசத்தை எத்தனை படிவங்களில் எழுதியிருப்பாள்! ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் பேனா சற்றுத் தயங்கும். கடிதங்கள் தோட்ட ஆபீசுக்கு வரும். யாராவது ஞாபகம் வைத்துக் கொண்டுவந்தால்தான் வீடு சேரும். ஆசிரியர் பயிற்சிக்கு அவளை நேர்முகத்துக்கு அழைத்த கடிதம் கைக்குக் கிடைத்தபோது, நேர்முகம் முடிந்து பதினொரு நாளாகியிருந்தது.

லயங்களுக்கு நாமே இலக்கம் போடுவோம் என்று மூன்று பொதுக்கூட்டங்களில் எழுந்து கேட்டிருக்கிறாள். “அதெல்லாம் தோட்டத்துத் தொரமாரு வேல டீச்சர், நமக்கெதுக்கு?” என்று மூன்று முறையும் அவளை உட்கார வைத்தவர் இதே நல்லையாதான்.

“எல்லாருக்கும் ஒண்ணுன்னே போடு தம்பி,” என்றார் அவர் இப்போது.

கிஷாந்த் நல்லையாவின் பெயருக்கு ஒன்று என்று போட்டான். அழகம்மாவின் பெயருக்கும் ஒன்று என்று போட்டான். திரை மீண்டும் சிவந்தது: ‘நல்லையா, அழகம்மா. ஒரே குடும்பம்.’

“ஐயையோ!” அழகம்மா தலையில் கைவைத்தாள். “இத உங்க வீட்டு அக்கா பாத்தா, சங்கம் மொத ஆளா எனக்குத்தான் பெட்டி எடுக்கணும்.”

“ஒரு குடும்பத்துக்கு ஒரு கூடாரம், ஒரு சவப்பெட்டின்னு கணக்கு வச்சுத்தான் இது பதியும்,” என்றான் கிஷாந்த். “வீடு வேற வேறயா இருந்தாத்தான் சரிவரும்.”

“அப்ப போன வாரம் வேற கம்பெனிக்காரங்க காட்டினாங்களே, அதையே எடுத்துக்குவோம்,” என்றாள் அழகம்மா. “அது ஒண்ணுமே கேக்கல.”

“அது முழுக்க இங்கிலீசு.” நல்லையாவின் கண்கள் திரையை விட்டு அகலவில்லை. சற்றுமுன் அவரே ஒற்றை விரலால் தட்டிய பெயர் அங்கே தமிழில் பெரிதாக ஒளிர்ந்தது. “நம்ம பேர நம்மளே வாசிக்க முடியாத மிஷின் நமக்கு எதுக்கு?”

சர்மிளா, வாயைத் திறந்துவிடக் கூடாது என்று மடியில் விரல்களை இறுகக் கோத்துக்கொண்டாள்.

நல்லையா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். “நம்பர்தானே கேக்குது? போட்டுருவோம். அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க தம்பி.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிஷாந்த் வந்தபோது ஒவ்வொரு கதவிலும் நீல நிறத்தில் ஓர் எண் இருந்தது. கோயில் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட். நல்லையாவே தூரிகை பிடித்திருந்தார். அவர் வருவதற்கு முன்பே கதவுகளைக் கழுவி வைத்திருந்தார்கள். சிலர் இன்னும் பெரிதாக எழுதச் சொல்லிச் சண்டை பிடித்தார்கள். ஒரே காம்பராவில் இரண்டு குடும்பம் இருந்த இடத்தில் 31, 31-அ என்று போட வேண்டி வந்தது. மாமியாரிடமிருந்து பிரிந்து கிடைத்த அந்த ‘அ’வை மருமகள் இலட்சுமி காலையும் மாலையும் துடைப்பதாக அழகம்மா சொன்னாள்.

மண்டபத்தில் வரிசை நின்றது. வந்தவர்கள் தங்கள் பெயரை இரண்டாவதாகத்தான் சொன்னார்கள்.

“எழுவத்தி மூணு. அழகம்மா.”

“முப்பத்தொண்ணு அ. இலட்சுமி.”

அந்தக் குரல்களைச் சர்மிளா கவனித்தாள். இத்தனை காலமும் விலாசம் கேட்டால் தாழ்ந்துபோகிற குரல்கள் அவை. இன்று மண்டபத்தின் கடைசி வரை கேட்டன. தன் முறை வந்தபோது “ஐம்பத்தாறு” என்று சொன்ன குரலை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

நூற்றுப் பதினெட்டுப் பெயர்களும் ஏறின. திரை ஒரு தடவைகூடச் சிவக்கவில்லை.

“பாத்தீங்களா டீச்சர்?” நல்லையா நெஞ்சை நிமிர்த்தினார். “மிஷினே மதிச்சுக் கேக்குது, நம்ம குடுக்காம இருந்தா மரியாதையா? தபால் கந்தோருக்கும் ஒரு லிஸ்ட் குடுக்கணும். நானே போய்ப் பேசுறேன். இனி கடிதமெல்லாம் கதவுக்கு வரணும்.”

“ஆமாங்க தலைவரே. நல்ல யோசன.”

கிஷாந்தை வழியனுப்ப அவள் வாசல்வரை போனாள். மோட்டார் சைக்கிளில் ஏறியவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

“அக்கா, மத்த சங்கங்களுக்கெல்லாம் வீட்டு இலக்கம் இல்லாமலே பதியுது. நீங்க போன்ல கேட்டதாலதான் இங்க மட்டும் கட்டாயமாக்கி வச்சேன். வேல முடிஞ்சிருச்சே, எடுத்துடவா?”

“எடுத்துடாதீங்க தம்பி,” என்றாள் சர்மிளா. “அடுத்த வாரம் நம்ம தோட்டத்துக் கீழ் டிவிஷன் சங்கத்துக்கும் நீங்கதானே காட்டப் போறீங்க?”