ஒன்றும் நடக்காத மதியம்

வேதியியல் ஆய்வகத்தில், மேசைக்கு அடியில், தரையை ஒட்டிய தட்டில் சோடியம் புட்டி ஒன்று குடியிருந்தது. அதற்குள் மண்ணெண்ணெயில் மூழ்கிக் கிடந்த சோடியம், தண்ணீர் பட்டால் தீப்பிடித்துவிடும். புட்டியின் மூடியோ கொஞ்சம் தளர்ந்துபோனது. அதனால் மேசைமேல் நாளெல்லாம் தண்ணீர் கொண்டுபோகும் ரப்பர் டியூபை அது அண்ணாந்து பார்த்தபடியே இருக்கும்.

"அண்ணே, கழுத்துல தொங்குற கிளிப்பை இறுக்கிக்கக் கூடாதா?"

"எனக்கு மூச்சு முட்டும் தம்பி. இத்தனை நாள்ல நான் ஒரு தடவையாவது கழன்றிருக்கேனா?"

"இன்னிக்கு மத்தியானம் நீங்க மட்டும்தான் வேலை செய்யப்போறீங்க. மத்தக் குழாயெல்லாம் மூடிட்டுப் பசங்க சாப்பிடப் போவாங்க. அந்தத் தண்ணி வேகமெல்லாம் உங்க பக்கம்தானே திரும்பும்?"

"உன் நச்சரிப்புக்காகக் கட்டிக்கிறேன்" என்று டியூப் கழுத்தை நீட்டியது. கிளிப் இறுகப் பிடித்துக்கொண்டது.

சாப்பாட்டு மணி அடித்தது. குழாய்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. டியூப் விம்மிப் புடைத்து, தான் மாட்டியிருந்த கண்ணாடிக் குழலின் முனையைவிட்டு நழுவப் பார்த்தது. கிளிப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியது. புட்டி கண்ணை மூடிக்கொண்டது.

எல்லாரும் திரும்பி வந்து குழாய்களைத் திறந்ததும் வேகம் அடங்கியது.

"பார்த்தியா தம்பி, லேசாத் தொண்டை கமறினதோட சரி. இந்தக் கிளிப்பை வீணாச் சுமந்தேன்" என்றது டியூப்.

புட்டி காய்ந்த தரையை ஆசைதீரப் பார்த்தது. "ஆமாண்ணே, ஒண்ணுமே நடக்கலை."

கிளிப்புக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் திறந்தால் பிடி விட்டுப்போகுமே என்று அடக்கிக்கொண்டது.