பதினாலாயிரம் பாட்டு

“மாமா, உங்க லேப்டாப்பைக் குடுங்க.”

அவரிடம் எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று அக்கா வாசலிலேயே எச்சரித்திருந்தாள். ஆனால் குடும்பத்தின் முதல் பட்டதாரியான தங்கைக்குக் ‘கூடாது’ என்றாலே பற்றிக்கொண்டு வரும்.

அக்காவின் கணவர் சிரித்தார். “உங்க அக்கா போனை நான் தினமும் பார்ப்பேன். என் லேப்டாப்பை யாரும் தொட்டதில்ல. எதுக்கு?”

“லேப்டாப்ல இருந்து காருக்குப் பாட்டு சிங்க் ஆக ஒரு மணி நேரம் ஆகுதுன்னு காலையில இருந்து கத்துறீங்களே. பதினாலாயிரம் பாட்டையும் ஒரே லிஸ்ட்ல கொட்டி வெச்சா பின்ன? ஒண்ணு சேர்த்தாலும் மொத்தத்தையும் முதல்ல இருந்து சரிபார்க்கும். பாடகர் வாரியா சின்னச் சின்னதாப் பிரிச்சா, மாறின லிஸ்ட் மட்டும் போகும்.”

“சரி, டிகிரி அம்மா. நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள முடி.”

அவர் போனதும் அக்கா தங்கையின் தோளைப் பிடித்து இழுத்தாள். முகம் வெளுத்திருந்தது. “அவர் பாட்டு அப்படியே இருக்கட்டும்டி. கெஞ்சிக் கேக்குறேன்.”

“நீ இப்படிப் பயந்து பயந்துதான் அவர் தலைமேல ஏறி உக்காந்திருக்கார். விடு கையை.”

பத்து நிமிடத்தில் எல்லாம் பிரிந்துவிட்டது. அறுபத்து மூன்று ஃபைல்கள் மட்டும் மிஞ்சின. பாடகர் இல்லை, பெயர் இல்லை. தேதி மட்டும்.

ஒன்றை ஹெட்போனில் போட்டுக் கேட்டாள். மாமாவின் குரல், மிகத் தாழ்வாக. பளாரென்று ஓர் அறை. பிறகு அக்காவின் குரல்: “இனிமே கேக்க மாட்டேங்க.”

தங்கை ஹெட்போனைக் கழற்றினாள். “அடிச்சதும் இல்லாம, அதைப் பதிவு பண்ணி வேற வெச்சிருக்கானா? மனுஷனாக்கா இவன்?”

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அக்கா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

“என்ன டிகிரி அம்மா, முடிஞ்சுதா?” கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“இதோ மாமா!” மிஞ்சியதைத் தனி லிஸ்ட்டாக்கித் தன் போனைச் செருகினாள். ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டியது. இப்போது நாற்பது வினாடி... முப்பது... பத்து...

தாழ்ப்பாள் நகரும் ஓசை. சிங்க் முடிந்தது. போனைப் பிடுங்கினாள்.

“நேரா போலீசுக்குப் போறேன். நீ வந்தாலும் சரி, அவன் காலடியிலேயே கிடந்தாலும் சரி.”

அவள் வாசலைத் தாண்டியபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா அவளையும் முந்திக்கொண்டு படி இறங்கினாள்.

“அவன் எங்கடி பதிவு பண்ணான்?” திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். “அதெல்லாம் நான் பதிவு பண்ணி, அவன் பாட்டுக்குள்ளயே ஒளிச்சு வெச்சது.”