அலங்காரம் இல்லாத பக்கம்

"நாலு மிஷின்ல ரெண்டு நல்லா இருக்கு, ரெண்டு இப்படி இருக்கு. ஒரு போன் பண்ணிச் சொல்லத் தோணலையா மேடம்?"

கவுன்ட்டரில் இருந்த பெண் தலை நிமிரவில்லை. "படிக்க முடியுதே தம்பி. அது போதும்னு விட்டுட்டேன்."

கேட்டவன்தான் கம்பெனியின் வெப்சைட்டைக் கட்டியவன். வேலையில் அடிபட்ட தொழிலாளர்களுக்கான காப்பீட்டுக் கம்பெனி அது. கிளைக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்கென்று கூடத்தில் நாலு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். முதல் இரண்டில் பக்கம் நீல நிறத்தில், பெட்டி பெட்டியாகப் பளிச்சென்று இருந்தது. மற்ற இரண்டில் வெள்ளைத் திரையில் வெறும் கறுப்பு எழுத்து, மளிகைச் சீட்டு மாதிரி.

தலைமை அலுவலகத்து ஆள் யாரோ இதைப் பார்த்துப் போய்ச் சொல்லிவிட்டார். மேனேஜர் காலையிலேயே கத்தினார்: "அஞ்சு மணிக்குள்ள நாலும் ஒண்ணு போல இருக்கணும். இல்லேன்னா நாளைக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

மூன்றாவது கம்ப்யூட்டரில் ஒருவர் உட்காரப் போனார். லேத் பட்டறையில் வேலை செய்பவர். வலது கையில் கட்டு. இரண்டு விரல் இருக்கவேண்டிய இடம் தட்டையாக இருந்தது. இடது கையில் கம்பெனி அனுப்பிய நிராகரிப்புக் கடிதம்.

"சார், இதைச் சரி பண்ணணும். நீங்க முதல் மிஷின்ல உக்காருங்க."

"இல்ல தம்பி, இதுலதான் பாக்கணும்னு எங்க பட்டறை ஆள் சொன்னாரு. போன வாரம் வந்துட்டுப் போனவரு. எனக்கு இன்னைக்குக் கடைசி நாள். அஞ்சு மணி தாண்டினா நஷ்டஈடு போச்சு."

"எல்லாத்துலயும் ஒரே பக்கம்தான் சார். இது கசங்கின சட்டை, அது இஸ்திரி போட்ட சட்டை. அவ்வளவுதான்."

அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"அவர் முடிச்சுட்டுப் போகட்டுமே தம்பி," என்றாள் கவுன்ட்டர்க்காரி. "அப்புறம் பிரிச்சு மேயுங்க."

"அஞ்சு மணிக்கு என்னை மேஞ்சிடுவாங்க மேடம்."

பிரவுசரில் சேர்ந்திருந்த பழைய தடங்களை அழித்துப் பார்த்தான். வேறு பிரவுசரில் திறந்தான். மிஷினின் தேதி சரியாக இருந்தது. அவனுடைய லேப்டாப்பில் பக்கம் குறையில்லாமல் வந்தது. இங்கே எழுத்து மட்டும் வந்து, நிறமும் வரிசையும் சொல்கிற ஸ்டைல் ஃபைல் வாசலிலேயே நின்றது. ஒரு மணி நேரம் துழாவியபின் கிடைத்தது. அந்த ஃபைலை உள்ளே விடாதே என்று இரண்டு மிஷினுக்குள்ளும் யாரோ ஒரு வரி எழுதி வைத்திருந்தார்கள்.

"இது பழுது இல்ல மேடம். தெரிஞ்சே பண்ணினது. யார் இதுல கை வச்சது?"

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"மிஷினை யார் தொடுறாங்கன்னுகூடப் பாக்க மாட்டீங்களா? உக்காந்து சம்பளம் வாங்கினாப் போதுமா?"

அவன் இரண்டு வரிகளையும் அழித்தான். நாலு திரையும் நீலமாயின. போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பினான்.

மணி நாலே முக்கால். லேத்காரர் உட்கார்ந்து மேலும் கீழுமாக உருட்டினார். "பளபளன்னு இருக்கு தம்பி. ஆனா மனு போடுற எடத்தைக் காணோமே. அடியில இருக்கும்னு எங்க ஆள் சொன்னாரு." பிறகு கவுன்ட்டரைப் பார்த்தார். "எங்கம்மா இருக்கு அது?"

"திரையில உள்ளதைப் பாத்துக்குங்க ஐயா," என்றாள் அவள், மனப்பாடம் ஒப்பிப்பதுபோல. பிறகு எழுந்து தண்ணீர் வைத்திருந்த மூலைக்குப் போய், அவனைக் கண்ணால் கூப்பிட்டாள்.

"கவுன்ட்டர்ல பேசுறதெல்லாம் பதிவாகுது தம்பி. மனு எங்க போடணும்னு வாய்விட்டுச் சொன்னதுக்குத்தான் எனக்கு முன்னாடி இருந்தவளை வீட்டுக்கு அனுப்பினாங்க."

"என்ன மனு?"

"ஒரு நாள் நெட் சரியில்லாம பக்கம் மொட்டையா வந்துச்சு. பாத்தா, அடியில ஒரு வரி. 'முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய'ன்னு. அலங்காரத்தோட வர்றப்ப அந்த வரியே இல்ல. என் தங்கச்சியும் உங்க வேலைதான் பாக்கறா. அவகிட்ட கேட்டு நான்தான் ரெண்டு மிஷினை மொட்டையடிச்சேன். நாலையும் பண்ணினா சந்தேகம் வரும்."

அவன் டம்ளரை எடுத்தான். குடிக்கவில்லை.

"பழையபடி ஆக்கிடுங்க தம்பி. பத்து நிமிஷம். அவர் போட்டதும் நீங்க அழகு பண்ணிக்குங்க."

"போட்டோ அனுப்பிட்டேனேக்கா."

"ஒளிச்சு வச்சவன் எவனோ, நல்லா இருப்பானா?"

"மேல இருக்கிறவங்க யாராவது சொல்லியிருப்பாங்க."

"சொன்னா செஞ்சிடறதா?"

போன் அடித்தது. மேனேஜர். அவன் இரண்டடி தள்ளிப்போய், போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"போட்டோ பாத்தேன். அழகெல்லாம் கெடக்கட்டும்ப்பா. அந்த மேல்முறையீட்டு லிங்க், சட்டத்துக்காக இருக்கணும், ஆனா யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு உன்னை மறைக்கச் சொன்னேனே. அது மறைஞ்சிருக்கா?"

லேத்காரர் இடது கையால் மவுஸை உருட்டிக்கொண்டே இருந்தார். மூக்கு திரையைத் தொட்டுவிடும்போல இருந்தது.

"மறைஞ்சிருக்கு சார்."