மாமனார் கடிகாரம்

வீட்டுக்கு வந்த பழம்பொருள் கடைக்காரர் சுவர்க்கடிகாரத்தைத் திறந்து டார்ச் அடித்தார். அவள் கணவனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். தம்பியின் ஆபரேஷனுக்காக, மாமனாரின் அசல் கடிகாரத்தைக் கணவனுக்குத் தெரியாமல் விற்றுவிட்டு, அதேபோல் ஒரு போலியை மாட்டி வைத்தவள் அவள். வாங்கியவரே இவர்தான்!

“அசல்தானே சார்?” என்றான் கணவன்.

“சந்தேகமே வேண்டாம். நூறு வருஷத்துப் பொருள். லட்சத்துக்குக் குறையாது.”

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. வாசல்வரை அவர் பின்னாலேயே ஓடினாள்.

“எனக்காகப் பொய் சொன்னீங்களே, இந்த உதவியை மறக்கவே மாட்டேங்க.”

“பொய்யா? போன மாசமே உங்க வீட்டுக்காரர் அசலை என்கிட்ட வாங்கிட்டு வந்து மாட்டிட்டாரேம்மா! ‘அந்தக் கடிகாரத்தைப் பார்த்தாலே அவ பயந்து சாகறா, நீங்களே வந்து அசல்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க’ன்னு கெஞ்சினதாலதான் இன்னைக்கு வந்தேன்.”

திரும்பிப் பார்த்தாள். உள்ளே அவன் ஒன்றும் தெரியாதவன்போல் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தான்.