நாற்பத்தெட்டு நூற்றாண்டுகள்

பஸ் கண்டக்டருக்கு உட்கார்ந்து படித்தால் கண்ணைச் சுழற்றும். அதனால் அஞ்சல்வழிப் பட்டப்படிப்பின் உலக வரலாற்றை மாடிப்படியில் ஏறிக்கொண்டே மனப்பாடம் செய்தார். மூன்றாவது மாடியிலிருந்த வீட்டுக்கு நாற்பத்தெட்டுப் படிகள். படிக்கு ஒரு நூற்றாண்டு. கீழே முதல் நகரங்கள் எழும். வீட்டு வாசலில் பிரெஞ்சுப் புரட்சி வெடிக்கும்.

"புரட்சி முடிஞ்சா உள்ள வாங்க, காபி ஆறுது" என்பாள் மனைவி.

இரண்டு முறை கோட்டைவிட்ட தாள் அது. தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது, புரட்சியைச் சொல்லி முடித்தும் ஒரு படி மீதியிருந்தது. இறங்கி எண்ணினார். மனைவியும் எண்ணினாள். நாற்பத்தொன்பது. கி.மு. முடிந்து கி.பி. தொடங்கும் இடத்தில் ஒரு படி கூடியிருந்தது. கட்டடத்துக்கு வயது இரண்டுதான். அந்தப் படி மட்டும் நடுவில் குழிந்து தேய்ந்திருந்தது.

"இதுல நான் என்னத்தச் சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். நின்னு மூச்சு வாங்கிக்கோங்க."

அப்படியே செய்தார். அதன்பிறகு ஒரு நூற்றாண்டுகூடத் தடம் மாறவில்லை. அறுபத்திரண்டு மார்க்.

ரிசல்ட் வந்த மாலை, இருவரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்து காபி குடித்தார்கள். மேலேயும் கீழேயும் ஈ காக்கை இல்லை. அவர் நிம்மதியாகக் காலை நீட்டினார்.

அவள் தன் டம்ளரைச் சுவரோரம் நகர்த்தி வைத்தாள்.

"கொஞ்சம் ஓரமா உக்காருங்க. பாவம், கி.மு. ஆளுங்க எவ்வளவு நேரமாக் காத்துக்கிட்டு நிக்கிறாங்க."